தர்க்க வினாக்களில் தோன்றும் முரண்பாடுகள்

அரசாங்க உத்தியோகங்களுக்கும் வங்கி, இரயில்வே முதலிய துறைகளுக்கும் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பரீட்சைகளில், தர்க்க அறிவைச் சோதிக்கும் வினாக்கள் இன்று இன்றியமையாத இடத்தைப் பெற்றுவிட்டன. குடிமைப் பணிகளுக்கான முதனிலைப் பரீட்சையிலே படித்துணரும் ஆற்றல், கணக்கு, தர்க்கம் ஆகியவற்றைச் சோதிப்பதற்கென 2011ஆம் ஆண்டில் ஒரு தனித் தாள் ஏற்படுத்தப்பட்டது. அத்தாளில் 33 சதவிகித மதிப்பெண் பெற்றாலே போதும் என்று 2015இல் விதி மாற்றப்பட்ட போதிலும், அந்த எல்லையைத் தாண்டாதவர் பொது அறிவுத் தாளில் எத்துணைச் சிறந்து விளங்கினும் அடுத்த கட்டத்திற்குச் செல்ல இயலாது.

இத்தகைய வினாக்களைப் பயில்வோர் அடிக்கடி எழுப்பும் முறையீடு ஒன்று உண்டு. ஒரே வினாவிற்கு ஒரு நூல் ஒரு விடையும், மற்றொரு நூல் வேறொரு விடையும் தருகின்றன. ஆசிரியரைக் கேட்டால் அவர் மூன்றாவது விடை ஒன்றைக் கூறுகிறார். மூவரும் தத்தம் விடைக்குக் காரணமும் காட்டுகின்றனர். தர்க்கம் என்பது ஐயத்திற்கு இடமின்றி முடிவு காணும் சாஸ்திரமாயிற்றே, அதில் இவ்வாறு நேர்வது எங்ஙனம் என்று மாணவர் மயங்குகின்றனர். இம்முரண்பாடுகளுள் பெரும்பாலானவை தர்க்கத்தின் குற்றமல்ல. வினாத்தாளில் கூறப்படாமல் விடப்பட்ட உடன்பாடுகளின் விளைவே என்பதும், அவற்றைத் தீர்க்கும் பொறுப்பு விடை எழுதுவோரைவிட வினா அமைப்போரையே மிகுதியும் சார்ந்தது என்பதும் எமது கருத்து.

முதலாவதாக, 'சில' என்னும் சிறு சொல்லை எடுத்துக்கொள்வோம். "சில மாம்பழங்கள் இனிப்பானவை" என்று ஒருவர் கூறினால், எல்லா மாம்பழங்களும் இனிப்பானவையல்ல என்பதும் அதில் அடங்கியுள்ளதாகவே நாம் கொள்கிறோம். எல்லாம் இனிப்பாயிருப்பின் 'சில' என்று சொல்லியிருக்க மாட்டாரே என்பது நம் ஊகம். மேலும், 'சில' என்பது பன்மையாதலால் ஒன்றுக்கு மேற்பட்டவை என்றும் எண்ணுகிறோம். ஆனால் தர்க்க நூலாரின் வழக்கில் 'சில' என்பதற்கு 'குறைந்தது ஒன்று' என்பது மட்டுமே பொருள். எல்லாமாக இருப்பதையும் அது விலக்குவதில்லை. பால் கிரைஸ் என்னும் தத்துவ அறிஞர் 1967இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவுகளில், ஒரு வாக்கியம் சொல்லும் பொருள் வேறு, அதைச் சொல்லுவதனால் கேட்போர் ஊகித்துக்கொள்ளும் பொருள் வேறு என்று பிரித்துக் காட்டினார். இவ்வேறுபாட்டை அறியாத மாணவர், "சில மாம்பழங்கள் இனிப்பானவை, எனவே சில மாம்பழங்கள் இனிப்பானவையல்ல" என்னும் முடிவைச் சரியென்று குறித்து மதிப்பெண் இழக்கின்றனர். அவர் அறிவிற் குறைந்தவரல்லர். வழக்கு மொழியில் சிந்தித்தவர், அவ்வளவே.

இரண்டாவது சிக்கல் இதனினும் ஆழமானது. "எல்லா அ-க்களும் ஆ-க்கள்" என்பதிலிருந்து "சில அ-க்கள் ஆ-க்கள்" என்று முடிவு செய்யலாமா? செய்யலாம் என்பது அரிஸ்டாட்டில் காலந்தொட்டு வந்த மரபு. அ என்னும் வகைப் பொருள் உலகில் உண்டு என்பதை அம்மரபு கேளாமலே ஏற்றுக்கொள்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜார்ஜ் பூல் 1854இல் வெளியிட்ட நூலினாலும், 1880இல் ஜான் வென் விளக்கிய வட்டப் படங்களினாலும் வளர்ந்த புதிய தர்க்கமோ இதனை மறுக்கிறது. "எல்லா முயற்கொம்புகளும் கூர்மையானவை" என்று கூறுவோமாயின், கூர்மையல்லாத முயற்கொம்பு இல்லை என்பதே அதன் பொருள். முயற்கொம்பே இல்லாதபோது அக்கூற்று பொய்யாகாது. ஆனால் "சில முயற்கொம்புகள் கூர்மையானவை" என்பது பொய். "அத்துமீறி நுழைவோர் அனைவரும் தண்டிக்கப்படுவர்" என்று பலகை மாட்டுபவர், அவ்வாறு நுழைந்தவர் சிலர் உளர் என்று கூறவில்லை. ஒருவரும் நுழையலாகாது என்பதே அவர் விருப்பம்.

நம் நாட்டு வங்கிப் பரீட்சைகளுக்குரிய பயிற்சி நூல்கள் பொதுவாகப் பழைய மரபையே பின்பற்றுகின்றன. கல்லூரியில் கணிதம் பயின்ற மாணவரோ புதிய மரபிலே பழகியவர். "எல்லா அ-க்களும் ஆ-க்கள், எல்லா ஆ-க்களும் இ-க்கள், எனவே சில இ-க்கள் அ-க்கள்" என்னும் முடிவு பழைய மரபில் பொருந்தும், புதிய மரபில், அ என்பது உண்டு என்று தனியே கூறப்பட்டாலன்றிப் பொருந்தாது. இரண்டும் பிழையற்ற தர்க்க முறைகளே. எம்முறையைக் கைக்கொள்ள வேண்டும் என்று வினாத்தாள் கூறாதபோது, இருவருள் ஒருவர் காரணமின்றித் தண்டிக்கப்படுகிறார்.

மூன்றாவதாக, "ஒன்று முதல் முடிவு, அல்லது இரண்டாம் முடிவு பொருந்தும்" என்னும் விடையைக் கருதுவோம். "சில பேனாக்கள் நீலம்", "எந்தப் பேனாவும் நீலமன்று" ஆகிய இரண்டும் ஒன்றையொன்று முற்றிலும் மறுப்பன. இரண்டும் மெய்யாகா, இரண்டும் பொய்யுமாகா. ஆகவே தரப்பட்ட செய்தியிலிருந்து எது மெய் என்று தெரியாவிடினும், இரண்டில் ஒன்று நிச்சயம் என்று கூறலாம். இதில் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை. ஆனால் "சில பேனாக்கள் நீலம்", "சில பேனாக்கள் நீலமல்ல" என்னும் இணையின் தன்மை வேறு. பேனாக்கள் உண்டு எனக் கொண்டால், இவற்றுள் ஒன்றேனும் மெய்யாக வேண்டும். எனினும் இரண்டும் ஒருங்கே மெய்யாகவும் கூடும். 'அல்லது' என்பதற்குக் 'குறைந்தது ஒன்று' என்று பொருள் கொள்பவர் இவ்விணையையும் ஏற்பர். 'இரண்டில் ஒன்று மட்டுமே' என்று கொள்பவர் மறுப்பர். பயிற்சி நூல்கள் ஒன்றோடொன்று மாறுபடும் இடங்களுள் இது முக்கியமானது. பிணக்கு பேனாவைப் பற்றியதன்று, 'அல்லது' என்னும் சொல்லைப் பற்றியது என்று உணர்ந்தால் முரண்பாடு மறைந்துவிடும்.

நான்காவதாக, எண் தொடர்கள். 1, 2, 4, 8, 16 என்னும் தொடரில் அடுத்து வருவது யாது? ஒவ்வொன்றும் முந்தியதன் இருமடங்கு என்று கொண்டால் 32. ஒரு வட்டத்தின் விளிம்பில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகளை இட்டு, அவற்றை நேர்கோடுகளால் இணைத்து, மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டாதபடி அமைத்தால், வட்டம் பிரியும் பகுதிகளின் எண்ணிக்கையும் 1, 2, 4, 8, 16 என்றே வளர்கிறது; ஆனால் ஆறாவது எண் 31. ஒவ்வோர் எண்ணோடும் அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையைச் சேர்த்துக்கொண்டே போனாலும் 1, 2, 4, 8, 16 என்று வரும். அடுத்தது 16உடன் 7 சேர்ந்து 23. உண்மையில், எந்த ஐந்து எண்களுக்குப் பின்னும் நாம் விரும்பும் எந்த எண்ணையும் வைத்து, அவ்வாறும் பொருந்தும் கணிதச் சூத்திரம் ஒன்றை எழுதிவிடலாம். ஆகவே தொடர் வினாவிற்கு 'ஒரே விடை' என்பது தர்க்கத்தால் கிடைப்பதன்று; மிக எளிய விதியைத் தேடுக என்னும் எழுதப்படாத உடன்பாட்டினால் கிடைப்பது. இதனால் அவ்வினாக்களையே ஒழிக்க வேண்டும் என்பதில்லை. விடைகளாக 24, 28, 32, 36 என்று தந்தால் குழப்பம் எழாது. 31ஐயும் 32ஐயும் அருகருகே வைத்தால் எழும். விடைகளைத் தேர்ந்தளிப்பதில் காட்டும் கவனமே இங்குப் பரிகாரம்.

ஐந்தாவது வகையில் தரவே போதாது. "ஒரு வரிசையில் இராமன் இடப்புறத்திலிருந்து 12ஆவது, கோபாலன் வலப்புறத்திலிருந்து 15ஆவது, இருவருக்குமிடையே மூவர் உளர், வரிசையில் உள்ளோர் எத்தனை பேர்?" 12, 3, 15 ஆகியவற்றைக் கூட்டி 30 என்பார் பலர். ஆனால் கோபாலன் இராமனுக்கு இடப்புறத்தில் நின்றால் அவன் இடம் இடப்புறத்திலிருந்து 8ஆவது. வரிசையில் உள்ளோர் 22 பேர். இரண்டு விடைகளும் வினாவிற்குப் பொருந்துவன. 'தரவு போதாது' என்னும் விடை கொடுக்கப்பட்டிருந்தால் அதுவே சரி; கொடுக்கப்படாமல் 30, 22 இரண்டும் இருந்தால் வினாவே குறையுடையது.

பல மொழிகள் வழங்கும் நம் நாட்டிலே ஆறாவது காரணம் ஒன்றும் உண்டு, அதுவே மொழிபெயர்ப்பு. மத்திய ஆயுதக் காவற்படைகளின் காவலர் பரீட்சை 2024 முதல் இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழ் உட்பட 13 மொழிகளிலும் நடத்தப்படுகிறது. இது போற்றத்தக்க ஏற்பாடு. ஆனால் தர்க்க வினாக்களை மொழிபெயர்ப்பது பூகோள வினாக்களை மொழிபெயர்ப்பது போன்றதன்று. "எல்லா மலர்களும் சிவப்பல்ல" என்னும் தமிழ் வாக்கியத்தை நோக்குக. எந்த மலரும் சிவப்பில்லை என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம். சிவப்பல்லாத மலர்களும் உள என்றும் கொள்ளலாம். தர்க்கத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு கூற்றுகள். "எந்த மலரும் சிவப்பன்று" என்றோ, "சில மலர்கள் சிவப்பல்ல" என்றோ எழுதினாலன்றி ஐயம் நீங்காது. உறவு முறை வினாக்களில் இடர் இன்னும் மிகுதி. பெரியப்பா, சித்தப்பா, மாமா ஆகிய மூவரையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிக்கிறது. அச்சொல்லுக்கு நேராக 'மாமா' என்று எழுதினால் தந்தையின் உடன்பிறந்தான் விலக்கப்படுகிறான்; 'சித்தப்பா' என்று எழுதினால், ஆங்கிலத் தாளில் மறைந்திருந்த வயது வரிசை தமிழ்த் தாளில் வெளிப்பட்டுவிடுகிறது. ஒரே வினா, இரு மொழிகளில் இரு வேறு வினாக்களாகிவிடுகிறது.

இவை ஏட்டளவில் நிற்கும் ஐயங்களல்ல. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கான 2018ஆம் ஆண்டு நீட் பரீட்சையின் தமிழ்த் தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்தன என்று வழக்குத் தொடரப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழில் எழுதியவர்களுக்கு 196 மதிப்பெண் வழங்குமாறு ஆணையிட்டது. அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நிறுத்தி வைத்து, நவம்பரில் அதனை நீக்கியும் தீர்ப்பளித்தது.

2024ஆம் ஆண்டு நீட் பரீட்சையிலோ, பௌதிக வினா ஒன்று நாடு முழுவதும் பேசப்பட்டது. இரண்டு கூற்றுகளைத் தந்து, எது மெய், எது பொய் என்று கேட்கும் வினா அது. ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, அவை தமக்கே உரிய நிறமாலையை வெளியிடுகின்றன என்பது இரண்டாம் கூற்று. பாடப் புத்தகத்தின் பழைய பதிப்பொன்றில் அக்கருத்து காணப்பட்டமையால், இரண்டு கூற்றுகளும் மெய் என்று குறித்தவர்களுக்கும், இரண்டாவது பொய் என்று குறித்தவர்களுக்கும் மதிப்பெண் வழங்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் தில்லி ஐ.ஐ.டி.யின் நிபுணர் மூவரின் கருத்தைக் கேட்டு, இரண்டாம் கூற்று பொய் என்னும் விடை ஒன்றே சரியென முடிவு செய்தது. 4 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மற்ற விடையைக் குறித்திருந்தனர். அவர்கள் மதிப்பெண் குறைந்தது. தர வரிசையும் மாற்றி எழுதப்பட்டது. 'ஒவ்வொரு' என்னும் சொல்லை வினாவில் வைத்துவிட்டால், கதிரியக்கத் தனிமம் ஒன்றே அக்கூற்றைப் பொய்யாக்கப் போதும் என்பது தர்க்கத்தின் பாலபாடம். பாடப் புத்தகத்தில் பொதுப்படக் கூறிய வாக்கியத்தைத் தர்க்கக் கூற்றாக மாற்றும்போது அவ்வேறுபாடு நழுவிவிட்டது.

நீதிமன்றங்கள் இத்துறையில் தலையிடத் தயங்குவது இயல்பே. கான்பூர் பல்கலைக்கழக வழக்கில் 1983இல் உச்ச நீதிமன்றம் ஒரு நெறியை வகுத்தது. விடைக்குறிப்பு சரியானது என்றே கொள்ளல் வேண்டும்; வாதத் திறமையினால் ஊகித்து அதைத் தவறென்று தள்ளலாகாது; துறையறிந்த எவரும் ஏற்க முடியாத அளவுக்குத் தவறென்று தெளிவாக நிறுவினாலன்றி அது நிற்கும் என்பதே அந்நெறி. ஐயம் எழுமிடத்து அதன் பயன் பரீட்சை நடத்துவோருக்கே உரியது என்று 2017 டிசம்பரில் மற்றொரு தீர்ப்பு கூறிற்று. சட்டத்தின் நோக்கில் இது தக்கதே. ஆனால் அதன் விளைவு யாது? வினா வெளிவந்த பின்னர் மாணவருக்குப் பரிகாரம் மிக அரிது. எனவே நியாயம் கிடைக்க வேண்டிய இடம் வினாத்தாள் அமைக்கும் அறையே அன்றி நீதிமன்றமன்று.

இங்கு இரண்டு ஆட்சேபங்கள் எழக்கூடும். எல்லோருக்கும் ஒரே வினாத்தாள்தானே, குழப்பமும் எல்லோருக்கும் பொதுவாகையால் அநீதி எங்கே என்பது முதலாவது. குழப்பம் பொதுவாகலாம், அதன் சுமை பொதுவாவதில்லை. எந்தப் பரீட்சை எந்த மரபைக் கைக்கொள்கிறது என்பதைப் பணம் கொடுத்துப் பயிற்சி நிலையத்தில் அறிந்துகொண்டவருக்கு அச்சுமை இல்லை. நூல் நிலையத்தில் தாமே பயிலும் கிராமத்து மாணவருக்கு உண்டு. அன்றியும், இரண்டு பொருளையும் கண்டு தயங்கி நிற்பவர் நேரத்தை இழக்கிறார். ஒன்றை மட்டும் கண்டவர் விரைந்து குறித்துவிட்டு மேலே செல்கிறார். குடிமைப் பணித் தர்க்கத் தாளில் ஒரு வினாவிற்கு 2.5 மதிப்பெண், விடை தவறினால் அதில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். சிந்தனையில் கூர்மையுடையவரையே தண்டிக்கும் சோதனை தன் நோக்கத்திற்கே மாறானது.

இத்தகைய ஐயங்கள் வெறும் சொற்புரட்டு என்பது இரண்டாவது ஆட்சேபம். நம் நாட்டு நியாய சாஸ்திரம் சொற்புரட்டை நன்கு அறிந்ததே. 'நவ கம்பளம்' என்று ஒருவன் புதிய கம்பளத்தைக் குறிப்பிட, 'நவ' என்பதற்கு ஒன்பது என்னும் பொருளும் உண்டாதலால், "இவனிடம் ஒன்பது கம்பளங்கள் ஏது?" என்று எதிர்ப்பவன் செய்வது 'சலம்' என்று அந்நூலார் கண்டித்தனர். சொல்வோன் கருதிய பொருள் சூழ்நிலையால் விளங்கியிருக்க, கேட்போன் வேண்டுமென்றே வேறு பொருள் கொள்வதே அங்குக் குற்றம். வினாத்தாளிலோ சொல்வோன் கருத்தை விளக்கும் சூழ்நிலை எதுவும் இல்லை. அங்கு இரு பொருளுக்கு இடம் வைத்தவர் வினாவை எழுதியவரே. அதனைச் சுட்டிக் காட்டுபவர் மீது சலம் என்னும் குற்றத்தைச் சுமத்துவது முறையன்று.

பரிகாரம் கடினமானதன்று. முதலாவது, வினாத்தாளின் முகப்பில் பத்து வரிக்கு மிகாமல் உடன்பாடுகளை அச்சிடுதல் வேண்டும். கூற்றுகள் உலக உண்மைக்கு மாறாகத் தோன்றினாலும் மெய்யெனக் கொள்க என்னும் குறிப்பு இப்போதும் இத்தகைய வினாக்களுக்கு முன்னர் அச்சிடப்படுகிறது. அதனோடு, 'சில' என்பது குறைந்தது ஒன்று, கூறப்பட்ட ஒவ்வொரு வகையிலும் ஒரு பொருளேனும் உண்டு, 'அல்லது' என்பது இன்ன பொருளது என்று சேர்ப்பதில் தடை யாதுமில்லை. இரண்டாவது, ஒவ்வொரு வினாவையும் அதை அமைத்தவரல்லாத இருவரிடம் விடைக்குறிப்பின்றிக் கொடுத்து, சரியான விடையைக் காணுமாறு கேளாமல், வேறு விடை ஒன்றை நிலைநாட்ட முயலுமாறு கேட்டல் வேண்டும். மூன்றாவது, மொழிபெயர்ப்பாளர் மொழியோடு தர்க்கமும் அறிந்தவராயிருத்தல் வேண்டும். உறவு முறை வினாக்களை அந்தந்த மொழியிலேயே அமைப்பது நலம். நான்காவது, விடைக்குறிப்பை வெளியிடும்போது எழுத்தை மட்டும் அறிவிக்காமல், ஐயம் எழுப்பப்பட்ட வினாக்களுக்கேனும் காரணத்தையும் இரண்டொரு வாக்கியங்களில் வெளியிடுதல் வேண்டும். காரணம் கூறாத விடை அதிகாரத்தின் சொல்லாகலாம்; தர்க்கத்தின் சொல்லாகாது.

மாணவர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. இரண்டு நூல்கள் மாறுபட்டால், எது சரி என்று உடனே கேளாமல், எந்தச் சொல்லுக்கு இருவரும் வெவ்வேறு பொருள் கொண்டனர் என்று கேட்க வேண்டும். பிறகு, கூற்றுகள் மெய்யாகவும் முடிவு பொய்யாகவும் இருக்கும் நிலை ஒன்றையேனும் படமாக வரைய முயல வேண்டும். அத்தகைய படம் வரைய முடிந்தால் முடிவு பொருந்தாது. எவ்வகையிலும் முடியாவிடில் பொருந்தும். இந்தப் பழக்கம் பரீட்சையோடு முடிந்துவிடுவதன்று. சட்டத்தின் வாசகத்தையும் ஒப்பந்தத்தின் நிபந்தனையையும் ஆராய்ச்சியின் முடிவையும் படிக்கும்போது நமக்கு வேண்டுவது இதுவே.

தர்க்கத்தைச் சோதிக்கும் வினா தானும் தர்க்கத்திற்குக் கட்டுப்பட்டதாயிருத்தல் வேண்டும் என்று கேட்பது மிகையன்று. பல இலட்சம் இளைஞர்களின் வாழ்க்கைப் பாதை அரை மதிப்பெண்ணில் திரும்பிவிடும் இக்காலத்தில், முகப்பில் அச்சிடும் பத்து வரிகளால் நீக்கக்கூடிய குழப்பத்தை நீக்காமல் விடுவதற்குத் தக்க சமாதானம் எதுவும் இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை.